காளையார்கோவில் காடு

காளையார்கோவில் காடு என்பது தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் காளையார்கோவிலைச் சூழ்ந்திருந்த அடர்ந்த முட்காடாகும். 1801 இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகப் போரிட்ட மருது சகோதரர்களின் முதன்மை அரணாக இது விளங்கியது.

அமைவிடம்

இவ்வூர் சிவகங்கைக்குக் கிழக்கே தொண்டி செல்லும் சாலையில் அமைந்துள்ளது. சங்க காலத்தில் கானப்பேர் என வழங்கப்பட்டது. இங்கிருந்த கானப்பேரெயில் என்னும் கோட்டையைப் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி வென்ற செய்தி புறநானூற்றில் உள்ளது. ஊருக்கு அரண் காடே என்பது அன்றே அறியப்பட்டிருந்தது போலும். இது மலையோ பெரிய ஆறோ இல்லாத சமவெளி. கண்மாய்களும் முட்புதர்களும் ஒற்றையடிப் பாதைகளுமே பகைவரைத் தடுத்தன. பீரங்கி வண்டிகள் செல்ல வேண்டுமெனில் மரங்களை வெட்டிப் புதிதாகப் பாதை அமைக்க வேண்டியிருந்தது. வளரி, ஈட்டி ஆகியவற்றுடன் மறைந்து தாக்குவோருக்கு இது பெரும் வாய்ப்பாக அமைந்தது.

1772 ஆம் ஆண்டுப் போர்

ஆர்க்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை 1772 சூன் மாதம் காளையார்கோவிலைத் தாக்கியது. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி வேலு நாச்சியார் விருப்பாச்சிக்குச் சென்று, ஐதர் அலியின் உதவியுடன் 1780 இல் நாட்டை மீட்டார். அவருக்குத் துணை நின்ற பெரிய மருதுவும் சின்ன மருதுவும் பின்னர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றனர்.

1801 ஆம் ஆண்டுப் போர்

1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் ஊமைத்துரை மருதுவிடம் அடைக்கலம் புகுந்தார். சூன் 16 அன்று சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளியில் ஒட்டப்பட்டது. கர்னல் அக்னியூ தலைமையிலான படை சூலை இறுதியில் சிறுவயலை அடைந்தபோது, அவ்வூர் ஏற்கனவே தீக்கிரையாக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்கும் பணி ஆகஸ்டு மாதம் முழுவதும் நடைபெற்றது. வெட்டிய இடமெல்லாம் தாக்குதல் தொடர்ந்தது. இறுதியில் அம்முயற்சியைக் கைவிட்டுப் படை பின்வாங்கியது.

காட்டை வெல்ல முடியாத கம்பெனி அரசியல் வழியை நாடியது. செப்டம்பரில் படமாத்தூர் கௌரிவல்லப உடையத்தேவரைச் சிவகங்கையின் உரிமையாளராக அறிவித்தது. மருதுகள் அரச குடும்பத்தினர் அல்லர் என்பதால், பழைய அரச மரபின்மீது பற்றுடைய பலர் விலகினர். பீரங்கிகளைவிட இவ்வறிவிப்பே அரணைக் கூடுதலாகப் பலவீனப்படுத்தியது எனலாம். அக்டோபர் 1 அன்று பல திசைகளிலிருந்து நுழைந்த படைகள் காளையார்கோவிலைக் கைப்பற்றின.

பின்விளைவுகள்

மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். (இது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர், வட தமிழகத்தில் உள்ளதன்று.) சரணடையாவிடில் மருதுகள் கட்டிய கோவில் கோபுரம் இடிக்கப்படும் என அக்னியூ மிரட்டினார் என்பது இப்பகுதியில் வழங்கும் செவிவழிச் செய்தி. 1802 இல் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்ட பலர் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

இப்போரில் கம்பெனித் தரப்பில் பங்கேற்ற அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830 இல் தமது நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். முன்பு நட்புடன் பழகிய காலத்தில் தமக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுத்தந்தவர் சின்ன மருதுவே என அதில் எழுதியுள்ளார். பின்னர் பினாங்கில் துரைச்சாமியைச் சந்தித்ததையும் அவர் பதிவு செய்துள்ளார்.