நாசிக் ஒயின் ட்ரிப் போறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க

வாகட்டில் இருந்து நாசிக் சுமார் 200 கி.மீ. நாசிக் பாட்டாவில் திரும்பி சாக்கன் டிராஃபிக்கைத் தாண்டிவிட்டால் நாராயண்காவ், சங்கம்னேர் வழியாக நேர் ரோடுதான். நாசிக்கைத் தாண்டி, கங்காபூர் அணைப் பக்கமும் திண்டோரி பக்கமும் ஒயினரிகள் இருக்கின்றன.

இங்கே ஒயின் எப்படி வந்தது?

எல்லாமே வெளியூர் சரக்கு. 1980-களில் நாராயண்காவில் பிரெஞ்சு நிபுணர்கள் உதவியோடு ஷாம் சௌகுலே ஒயின் தயாரித்தார். அமெரிக்காவில் வேலையை விட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த், 1990-களின் பிற்பகுதியில் நாசிக்கில் பிரெஞ்சு ரகக் கொடிகளை நட்டார். கலிஃபோர்னியா நிபுணர் கெர்ரி டாம்ஸ்கி கைகொடுக்க, 2000-இல் சுலா ஒயின் வெளிவந்தது. நம்ம கம்பம் பன்னீர் திராட்சையும் 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் பழமாகவே விற்கிறது.

நாசிக்கில் மட்டும் எப்படி வளர்ந்தது?

2001-இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் கொள்கையைக் கொண்டுவந்து வரிச்சலுகை கொடுத்தது. ஒயினரிகள் பெருகின, விவசாயிகளும் ஒயின் ரகத்துக்கு மாறினார்கள். 2008 பொருளாதார மந்தத்துக்குப் பிறகு விற்பனை சரிய, பழத்தை வாங்க ஆளில்லை. ஒயின் திராட்சை சிறியது, விதை உள்ளது. சந்தையில் சாப்பாட்டுப் பழமாக விலை போகாது. பலர் கொடியையே பிடுங்கிவிட்டு, பழைய ரகத்துக்குத் திரும்பினார்கள். நாம் கையில் எடுக்கும் கிளாஸுக்குப் பின்னால் அந்த ரிஸ்க் இன்னும் இருக்கிறது.

எப்போ போகலாம்?

ஐரோப்பாவில் அறுவடை செப்டம்பர், அக்டோபரில். அங்கே குளிரில் கொடி தூங்கும், இங்கே தூங்காது. அதனால் ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை முடிந்ததும் இன்னொரு கவாத்து. பழம் ஜனவரி முதல் மார்ச் வரை. அறுவடையைப் பார்க்கணும்னா அப்போதான் போகணும். மே மாதம் போனால் குலையே இருக்காது. அந்த நேரத்தில் பருவம் தப்பிய மழை பெய்தால், விவசாயிக்கு அந்த வருஷமே போச்சு.

யார் வண்டி ஓட்டுவது?

கிளம்பும் முன்பே முடிவு பண்ணிடுங்க. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 'டேஸ்டிங்தானே' என்று நாலைந்து ரகம் ருசி பார்த்தாலே அந்த அளவை எட்டலாம். ஒரு நாள் ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு வருவது நல்லது.