லண்டன் தாளம் – 6: மொட்டைமாடி வானொலி

கராஜ் குழுவான சோ சாலிட் க்ரூவின் '21 செகண்ட்ஸ்' பாட்டு 2001 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தக் கொண்டாட்டம் நீடிக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் அவர்கள் நிகழ்ச்சியில் துப்பாக்கிச் சூடு, சுற்றுப்பயணம் ரத்து என்று செய்திகள் வந்தன. கராஜ் இசை என்றாலே கிளப்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆகவே அடுத்து வந்த பையன்களுக்கு மேடை கிடையாது. அவர்களில் ஒருவன்தான் கிழக்கு லண்டனின் போ பகுதியைச் சேர்ந்த டிலன் மில்ஸ். பின்னால் உலகம் அவனை டிஸ்ஸி ராஸ்கல் என்று அறிந்தது.

1984 செப்டம்பரில் பிறந்தவன். அம்மா கானாக்காரர். நைஜீரியரான அப்பா இவன் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். வளர்ந்தது நகராட்சிக் குடியிருப்பில். அங்கிருந்து தெற்கே பார்த்தால் கேனரி வார்ஃபின் 235 மீட்டர் கோபுரம் தெரியும். வங்கிகளும் பெரும் பணமும் குடியிருக்கும் அந்தக் கோபுரமும் இவன் வீடும் டவர் ஹாம்லெட்ஸ் என்ற ஒரே நகராட்சிக்குள்தான் வருகின்றன. நடந்தே போய்விடலாம். ஆனால் அங்கே போக இவர்களுக்கு என்ன வேலை?

பள்ளியில் தரிக்கவில்லை. ஒன்றிலிருந்து துரத்த, இன்னொன்று, அங்கிருந்தும் துரத்த, வேறொன்று. கடைசியில் லாங்டன் பார்க் பள்ளி. அங்கேயும் மற்ற வகுப்புகளில் ஒவ்வொன்றாக வெளியே நிறுத்தப்பட்டு, மிஞ்சியது இசை வகுப்பு மட்டும். அந்த அறையில் க்யூபேஸ் மென்பொருள் போட்ட கணினி ஒன்று இருந்தது. டிம் ஸ்மித் என்ற ஆசிரியர் பையனை அதன் முன்னால் உட்கார விட்டார். விட்டார் என்பதுதான் முக்கியம். பாடத்திட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

அவன் அங்கே செய்தது கராஜ் மாதிரி இல்லை. கராஜில் ஒரு பளபளப்பு உண்டு. நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஷாம்பெயின் குடிக்கிறவர்களுக்கான ஆட்டம் அது. டிலன் கேட்டு வளர்ந்ததோ ஜங்கிள், நிர்வாணா, அமெரிக்கத் தெற்கின் த்ரீ 6 மாஃபியா. மூன்றும் சேர்ந்து அவன் கையில் வேறொன்றாக வந்தன. நடுவில் வெற்றிடம் விட்ட தாளம், பழுதான இயந்திரம்போல உறுமும் பேஸ், மேலே செல்போன் ரிங்டோனைப் போன்ற கீச்சொலிகள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 அடி. அப்போது அதற்குப் பெயர்கூட நிலைக்கவில்லை.

செய்ததை எங்கே ஒலிக்கவிடுவது? அதற்கு வானொலி இருந்தது. சட்டம் ஒப்புக்கொள்ளாத வானொலி. ஜீனியஸ், ஸ்லிம்ஸீ முதலான கிழக்கு லண்டன் பையன்கள் 1994இல் தொடங்கிய ரின்ஸ் எஃப்எம். யாரோ ஒருவர் வீட்டின் சமையலறையோ படுக்கையறையோதான் ஸ்டூடியோ. உயரமான ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில் டிரான்ஸ்மிட்டரும் ஆன்டெனாவும். அதிகாரிகள் வந்து பிடுங்கிப்போவார்கள். சில சமயம் போட்டி நிலையக்காரர்களே திருடிப்போவார்கள். மறுபடி காசு சேர்த்து, மறுபடி இரவில் ஏறி மாட்ட வேண்டும். இப்படிப்பட்ட நிலையங்களில் நிகழ்ச்சி நடத்தும் டிஜேக்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்கள்தான் வாரச் சந்தா கட்டுவார்கள்.

மைக் பிடிக்கிறவன் எம்சி. எந்த இசைத்தட்டு அடுத்து வரும் என்று அவனுக்குத் தெரியாது. வருகிற தாளத்தில் ஏறிக்கொண்டு எட்டு பாரோ பதினாறு பாரோ சொல்லிவிட்டு, பக்கத்தில் காத்திருப்பவனிடம் மைக்கைத் தள்ள வேண்டும். தடுமாறினால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். நன்றாக இருந்தால் கேட்பவர்கள் ஸ்டூடியோ செல்போனுக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள்; காசு செலவில்லாத கைத்தட்டல். அழைப்புகள் குவிந்தால் டிஜே தட்டைப் பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து போடுவார். ரீலோட் என்பார்கள். மணிக்கணக்கில், வாரக்கணக்கில் இதுதான் நடந்தது.

டிஸ்ஸியின் குரல் உயரமானது, ஏறக்குறைய விசும்பல். உடைந்துவிடுமோ என்று தோன்றும், உடையாது. இரைச்சல் நிறைந்த அலைவரிசையில் பத்துப் பேர் குரல்களுக்கு நடுவே தனியாகக் கேட்க வேண்டிய கட்டாயம் அந்தக் குரலைத் தீட்டியிருக்கும் என்பது என் ஊகம். அவனைவிட ஐந்து வயது மூத்த வைலி, தன் ரோல் டீப் குழுவில் அவனைச் சேர்த்துக்கொண்டார். 2002இல் சைட்வைண்டர் நிகழ்ச்சிக்காக ஸ்லிம்ஸீ தட்டுகளைப் போட, வைலியும் டிஸ்ஸியும் மைக்கைப் பகிர்ந்துகொண்ட பதிவு இன்றும் ரசிகர்களிடையே சுற்றுகிறது. ஆல்பத்துக்கு முன் அதைக் கேளுங்கள் என்பேன்.

'ஐ லவ் யூ'வை அவன் செய்தபோது வயது 16. தலைப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. பள்ளிப் பருவத்தில் கர்ப்பம், கைகழுவப் பார்க்கும் பையன், சளைக்காமல் திருப்பிக்கொடுக்கும் பெண் குரல். இரண்டு பக்கமும் பேச விட்டதுதான் அதன் துணிச்சல். பெயர் அச்சிடாத வெள்ளை லேபிள் ஒட்டிய தட்டாக அது முதலில் புழங்கியது. இப்படிப்பட்ட தட்டுகளைத் தேடி ரோமன் ரோட்டின் ரிதம் டிவிஷன் கடைக்கு டிஜேக்கள் வருவார்கள்.

ப்ராடிஜியை வெளியிட்ட எக்ஸ்எல் நிறுவனம் 2002இல் அவனை ஒப்பந்தம் செய்தது. (2005இல் நம் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் 'அருளர்' ஆல்பம் வந்ததும் இதே எக்ஸ்எல் வழியாகத்தான்.) 'பாய் இன் டா கார்னர்' 2003 ஜூலை 21 அன்று வெளியானது. அதற்கு இரண்டு வாரம் முன்பு சைப்ரஸின் அயியா நாபாவில், ரோல் டீப்போடு போயிருந்த இடத்தில், டிஸ்ஸி பலமுறை கத்தியால் குத்தப்பட்டான். பிழைத்தான். வைலியோடு இருந்த உறவு பிழைக்கவில்லை.

ஆல்பத்தைக் கோபத்தின் குரல் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் கேட்பது அலுப்பு. முதல் பாட்டில் அவன் சும்மா உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். 18 வயதுப் பையன் பழைய நாட்களை நினைத்து ஏங்குகிறான். 'ஃபிக்ஸ் அப், லுக் ஷார்ப்' மட்டும் துள்ளல். அதன் டிரம்ஸ் அமெரிக்க ராக் பாடகர் பில்லி ஸ்கொயரின் 1980ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது.

ஆல்பம் பட்டியலில் 23ஐத் தாண்டவில்லை. ஆனால் செப்டம்பர் 9 அன்று ரேடியோஹெட், கோல்ட்ப்ளே இரண்டையும் தள்ளிவிட்டு 20,000 பவுண்ட் மெர்க்குரி பரிசை வாங்கியது. டிஸ்ஸிக்கு 19 வயது நிறைய இன்னும் ஒன்பது நாள். எங்கிருந்தோ முளைத்த அதிசயம் என்ற தொனியில் எழுதினார்கள். பல ஆண்டுகள் நேரலையில் அடிபட்டுத் தேறியவனை அதிசயம் என்பது, அவனைத் தேற்றியவர்களைக் கணக்கிலிருந்து அழிப்பது. அவர்களில் ஒருவரான ஸ்லிம்ஸீக்கு 2005இல் நீதிமன்றம் தந்த பரிசு வேறு: டவர் ஹாம்லெட்ஸில் நான்கு மாடிக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தின் கூரையிலும் அவர் கால் வைக்கக் கூடாது. ரின்ஸுக்கு உரிமம் கிடைக்க 2010 ஆயிற்று.

நடுவில் தனியாக விடப்பட்ட வைலி என்ன செய்தார்? 2004இல் இந்த இசைக்கு என்னதான் பெயர் என்று ஒரு பாட்டாகவே போட்டுக் கேட்டார். அது அடுத்த வாரம்.

(தொடரும்)