திரை அணைந்த பிறகு



இரவு தொலைக்காட்சியை அணைக்கிறோம். வீடு அமைதியாகிறது. அந்த அமைதி நமக்குப் பொறுக்கவில்லை. உடனே கை கைப்பேசியைத் தேடுகிறது. ஒரு சிறு காணொளி, இன்னொன்று, பிறகு இன்னொன்று. குருக்களின் இல்லத்திலும் இதுதான் நடக்கிறது, மறைப்பானேன்? சத்தம் இல்லாததையும் 'அமைதி' என்கிறோம், ஆண்டவர் தரும் சமாதானத்தையும் 'அமைதி' என்கிறோம். முதலாவதைக் கண்டு ஓடுகிற நமக்கு இரண்டாவது எப்படிக் கிடைக்கும்?

பொழுதுபோக்கு பாவம் என்று சொல்ல வரவில்லை. நாளெல்லாம் உழைத்த தாய் அரை மணி நேரம் சிரித்துவிட்டுப் போகட்டும். கானாவூர்த் திருமண விருந்தில் ஆண்டவரும் அமர்ந்திருந்தார்.

ஸ்பெயின் நாட்டின் பம்பலோனாவில் 1521 மே 20 அன்று, ஒரு பீரங்கிக் குண்டு இனிகோ என்பவரின் காலை நொறுக்கியது. பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார்தான் அவர். ஆனால் அன்று அவர் புனிதர் அல்லர். எலும்பு புடைத்து நின்று காலின் அழகைக் கெடுத்ததால், அதை அறுத்தெடுக்கச் சொல்லி அந்த வலியையும் தாங்கிக்கொண்டார். அவ்வளவு உலகப்பற்று!

படுக்கையில் பொழுதுபோக வீரசாகசக் கதைகளைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான் கிடைத்தன. வேறு வழியின்றிப் படித்தார். நூலை மூடிவைத்துவிட்டு, உயர்குலப் பெண்மணி ஒருவருக்காகத் தாம் செய்யப்போகும் சாகசங்களை மூன்று, நான்கு மணி நேரம்கூடக் கற்பனை செய்துகொண்டிருப்பார். வேறொரு வேளையில், அசிசியாரும் தோமினிக்கும் செய்ததை நானும் செய்தால் என்ன என்று நினைப்பார். இரண்டுமே இனித்தன. இதைக் கவனியுங்கள்: உலகக் கனவு அவருக்குக் கசக்கவில்லை, உண்மையாகவே இனித்தது. வேறுபாடு பிறகுதான் தெரிந்தது. கனவு கலைந்ததும் முதலாவது அவரை வறட்சியில் விட்டுச் சென்றது. இரண்டாவது எண்ணம் நீங்கிய பிறகும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. இதைக் கண்டுகொள்ளவே அவருக்கு நாளானது. தியானங்களில் 'தெளிந்து தேர்தல்' என்று நாம் கேட்பது இந்த நோயாளிப் படுக்கையில்தான் தொடங்கியது.

அத்தோடு எல்லாம் நலமாகிவிடவில்லை. மறு ஆண்டு மன்ரேசாவில் பாவச்சங்கைகள் அவரை வாட்டின. உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைகூட வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியவர்கள் ஆவோம். செபித்தால் மனம் உடனே இலேசாகிவிடும் என்று எங்களைப் போன்ற குருக்கள் சில வேளைகளில் அவசரமாகச் சொல்லிவிடுகிறோம்.

தம் அமைதியை விட்டுச் செல்வதாக ஆண்டவர் சொன்னது எப்போது? பாடுகளுக்கு முந்தின இரவில் (யோவான் 14:27). கேட்டுக்கொண்டிருந்த சீடர்கள் சில மணி நேரத்தில் சிதறி ஓடப்போகிறவர்கள். உயிர்த்த பின்பு, கதவைப் பூட்டிக்கொண்டு அஞ்சிக் கிடந்த அவர்களிடமே வந்து அமைதியை வாழ்த்தினார். வாழ்த்திய உடனே தம் கைகளையும் விலாவையும் காட்டினார் (யோவான் 20:19-20). காயங்களை அவர் மறைக்கவில்லை.

நாமோ காயத்தை மறைக்கத்தான் திரையைத் தேடுகிறோம். திரை அணைந்ததும் மனத்தில் எழுவது என்ன? கட்ட முடியாத கடன், மறைந்துபோன பிள்ளையின் முகம், எல்லைத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட தம்பி. ஆண்டவர் வந்து நிற்க விரும்பும் பூட்டிய அறை அதுதான்.

இன்றிரவு ஐந்து நிமிடம் போதும். விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியை எடுக்காமல் உட்கார்ந்து பார்ப்போம். இன்று பார்த்ததும் பேசியதும் நம்மிடம் எதை விட்டுச் சென்றிருக்கின்றன என்று இஞ்ஞாசியாரைப் போலக் கேட்போம். வருகிற முகத்தை விரட்டாமல் ஆண்டவரிடம் காட்டுவோம். முதல் சில இரவுகள் கடினமாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் கைப்பேசியை எடுக்கலாம். தம்பியின் எண் அதில்தானே இருக்கிறது.