உங்களுக்குத் தெரியுமா? நம்ம ஆளே டாக்டர்!

கந்தர்வக்கோட்டையில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி: "தஞ்சாவூரா, புதுக்கோட்டையா?" இரண்டும் ஒரே சாலையில், ஏறக்குறைய ஒரே தூரத்தில். அடுத்த கேள்வி: "அங்க நமக்குத் தெரிஞ்ச டாக்டர் யாராவது இருக்காங்களா?" இந்த வாரத் துணுக்குகள் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியவை. தம் மக்களுக்காக மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்தபோது உலகில் என்னென்ன நடந்தது?

✱

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் வழியில் வந்தவர்களை ஹிஸ்பானிக், லத்தீனோ என்பார்கள். மெக்சிகோ, கியூபா, போர்ட்டோ ரீகோ என்று பூர்வீகம் பலவாறு இருக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் 6 கோடியே 20 லட்சம் பேர், அதாவது நூறு அமெரிக்கர்களில் கிட்டத்தட்ட 19 பேர். மருத்துவர்களை எடுத்துக்கொண்டால் நூறில் சுமார் ஏழு பேர்தான். இந்தக் குறையை மனத்தில் வைத்து 1994-ல் வாஷிங்டனில் தொடங்கியதுதான் தேசிய ஹிஸ்பானிக் மருத்துவச் சங்கம். நீண்ட காலம் அதை நடத்தியவர் எலெனா ரியோஸ் என்ற பெண் மருத்துவர். நாடெங்கும் உள்ள சுமார் 50 ஆயிரம் ஹிஸ்பானிக் மருத்துவர்களின் குரலாகப் பேசும் சங்கம் இது. சம்பள உயர்வு கேட்பதை விட, லத்தீனோ பிள்ளைகளை மருத்துவக் கல்லூரிக்குள் கொண்டுவருவதும், அம்மக்களின் உடல்நலத்துக்காக அரசிடம் வாதாடுவதும்தான் அதன் பெரிய வேலை.

✱

இதற்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. கறுப்பின மருத்துவர்களுக்கு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பல கிளைகள் கதவைச் சாத்தின. அதனால் அவர்கள் 1895-லேயே தேசிய மருத்துவச் சங்கம் என்று தனியாகத் தொடங்கிக்கொண்டார்கள். கதவைச் சாத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டது 2008-ல். நூறு வருஷத்துக்கு மேல் ஆனாலும் கேட்டார்களே, அதையும் குறித்து வைப்போம்.

✱

அவ்வளவு தூரம் போவானேன்? 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியின் கதை இருக்கிறது. தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்தவர். ஆண்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் ஒரு பெண் சேர்வதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. இடம் கொடுத்தவர் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அங்கிருந்து 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம். 1927-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து அதன் துணைத் தலைவராகவும் ஆனார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947-ல் சட்டமாக முடிந்தது. ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லம் இன்றும் சென்னை அடையாற்றில் இயங்குகிறது.

நோயாளியின் நாடியைப் பிடித்த கையாலேயே சமூகத்தின் நாடியையும் பிடித்தவர் என்று மேடையில் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவருடைய பிடிவாதம். தங்கை புற்றுநோயில் போனார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடவில்லை அவர். இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. பேச்சுக்கும் திறப்புக்கும் நடுவில் 19 வருஷம்!

✱

அந்த மருத்துவமனை தொடங்கியபோது இருந்தவை 12 படுக்கைகள். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி முன்னின்று நடத்த, 1955-ல் வந்து சேர்ந்தார் டாக்டர் வி. சாந்தா. 2021 ஜனவரியில் காலமாகும்வரை அந்த வளாகத்தை விட்டு அவர் போகவே இல்லை. மகசேசே விருது 2005-ல் அவரைத் தேடி வந்தது.

✱

முத்துலட்சுமி பிறந்த ஜூலை 30-ஐத் தமிழக அரசு மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறது. கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவித் திட்டமும் அவர் பெயரில்தான். ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்கும் கந்தர்வக்கோட்டைக் கர்ப்பிணிக்கு, அந்தப் பணம் நம் மாவட்டத்துப் பெண்ணின் பெயரில் வருகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

✱

புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2017 ஜூனில்தான். தஞ்சாவூர்க்காரர்களுக்கு 1950-களின் கடைசியிலேயே கிடைத்துவிட்டது. அதுவரை நம் பக்கத்துப் பெரிய கேஸ் எல்லாம் வடக்கே வண்டி ஏறியதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை.

✱

1991-ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் அதற்கு முழு மூச்சாகத் துணை நின்றார். குவாரித் தொழிலாளிகள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரமாயிரம் பெண்கள் மிதித்தார்கள். அவர்களில் கிராம சுகாதாரச் செவிலியர்களும் உண்டு. பஸ் வராத குக்கிராமத்துக்கு நர்சம்மா தானே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர முடிந்தது என்றால், அது எத்தனை தடுப்பூசி, எத்தனை பிரசவம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 

✱

லத்தீனோ குடியிருப்புகளில் 'புரொமொத்தோரா' என்ற பெண்களைப் பார்க்கலாம். மருத்துவப் பட்டம் கிடையாது. அதே தெருவில் குடியிருப்பவர், அதே மொழி பேசுகிறவர். வீடு வீடாகப் போய் சர்க்கரை பார்க்கச் சொல்வார், கர்ப்பப்பைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவார். டாக்டர் சொல்லிக் கேட்காத பாட்டி இவர் சொன்னால் கேட்பார்.

நம் மாநிலத்தில் இதே வேலை 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதுதான் மக்களைத் தேடி மருத்துவம். சுய உதவிக் குழுப் பெண்கள் சுகாதாரத் தன்னார்வலர்களாகி, பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவருகிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. முந்திரிக்காட்டு வேலையை ஒருநாள் விட்டால் கூலி போச்சு என்கிற ஊரில், மாத்திரைக்காக வரிசையில் நிற்கும் அரை நாள் மிச்சமாவது விருதைவிடப் பெரிய சங்கதி.

✱

ஏழைக்கு ஆயுசு குறைவு என்பது உலகக் கணக்கு. அமெரிக்க லத்தீனோக்கள் அந்தக் கணக்கைத் தப்பாக்கினார்கள். வருமானமும் குறைவு, மருத்துவக் காப்பீடும் குறைவு. அப்படியிருந்தும் 2019-ல் அவர்களுடைய சராசரி ஆயுள் வெள்ளையர்களை விடச் சுமார் மூன்று வருஷம் கூட. 1980-களிலேயே ஆராய்ச்சியாளர்கள் இதைக் கவனித்து 'ஹிஸ்பானிக் புதிர்' என்று பெயரிட்டார்கள். கூட்டுக் குடும்பமா, உணவா, புகைக்காத பழக்கமா என்று இன்றும் வாதம் ஓயவில்லை. கொரோனா வந்தது. இரண்டே வருஷத்தில் அவர்களுடைய சராசரி ஆயுள் நான்கு வருஷம்போலச் சரிந்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்க முடியாத கூலிகள் அவர்களில் அதிகம். ஒரே வீட்டில் நெருக்கமாக வாழ்ந்ததும் பாதகமாகிவிட்டது.

✱

வெள்ளையருக்குப் போட்ட அளவுகோலை எல்லோருக்கும் பொருத்தலாமா? இந்தக் கேள்வியில்தான் லத்தீனோக்களும் நாமும் ஒரே பக்கம் நிற்கிறோம். லத்தீனோக்களை மட்டும் தொடர்ந்து கவனிக்கும் பெரிய ஆய்வு 2006-ல் தொடங்கியது. பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ நகரங்களில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். அமெரிக்காவில் குடியேறிய தெற்காசியர்களின் இதயத்தையும் சர்க்கரையையும் கவனிக்கும் இன்னோர் ஆய்வுக்குச் சுருக்கப் பெயர் 'மசாலா'! அதற்குத் தலைமை தாங்குகிறவர் இந்திய வம்சாவளி மருத்துவர் அல்கா கனயா. உடல் ஒல்லியாக, வயிறு மட்டும் லேசாகத் தள்ளியிருக்கும் நம் ஆட்களுக்கு ஏன் சர்க்கரை வருகிறது என்பது அந்த ஆராய்ச்சியின் முக்கியமான கேள்வி. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரைக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவை 1948-லேயே தொடங்கிவைத்தவர் டாக்டர் எம். விஸ்வநாதன்.

✱

தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்ராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி. 1993-ல் அங்கே ஒரு கூரைக் கொட்டகையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி. இருவரும் கேரளக்காரர்கள், அதற்கு முன் காந்திகிராமத்தில் வேலை பார்த்தவர்கள். வெளியாட்களாக வந்தவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், மலைவாழ் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கியதுதான். பிரசவம் பார்ப்பது, அறுவைச் சிகிச்சைக்கு உதவுவது எல்லாம் அவர்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

நீலகிரி கூடலூரில் இதே வழி. ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தோடு சேர்ந்து டாக்டர் ஷைலா தேவி, டாக்டர் நந்தகுமார் மேனன் கட்டியெழுப்பிய ஆதிவாசி மருத்துவமனையில் நர்சுகள் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் குடிப் பெண்கள். ஆஸ்பத்திரியைக் கண்டாலே காட்டுக்குள் ஓடிய காலம் போய், "அங்கே நம்ம பொண்ணு இருக்கா" என்று வரத் தொடங்கினார்கள்.

✱

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1860-களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்' எல்லாம் அவர் காலத்துத் தமிழ்ப் பாடநூல்கள். அறுபதுக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்தியர்களாக்கினார். தன் கல்லறையில் 'தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர்' என்ற பொருளில் பொறிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அமெரிக்காவின் உஸ்டர் நகரில் அந்தக் கல் இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்று நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

✱

2009, இலங்கையின் வன்னி. போர் நெருங்க நெருங்க, புதுக்குடியிருப்பிலிருந்து மாத்தளன், அங்கிருந்து முள்ளிவாய்க்கால் என்று ஆஸ்பத்திரியைத் தூக்கிக்கொண்டே நகர்ந்தார்கள் சில அரசு மருத்துவர்கள். டாக்டர் சத்தியமூர்த்தி, டாக்டர் வரதராஜா, டாக்டர் சண்முகராஜா அவர்களில் சிலர். மயக்க மருந்து தீர்ந்தபிறகும் காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள். மே மாதம் போர் முடிந்ததும் இலங்கை அரசு அவர்களைக் கைது செய்தது.

✱

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலை 2022 டிசம்பரில் நாடே பேசியது. பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்த கொடுமை அது. வெளியே தெரிந்தது எப்படி? குழந்தைகள் அடுத்தடுத்து வாந்தி, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போக, தண்ணீரில் கோளாறு இருக்கலாம், பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதன் பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால்?

✱

கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் டாக்டர்கள் போதவில்லை. அதனால் மெக்சிகோவிலிருந்தே டாக்டர்களை வரவழைக்க 2002-ல் சட்டம் போட்டார்கள். முதல் டாக்டர்கள் வந்து சேர்ந்தது 2021-ல்! அரசாங்கக் கோப்பு எல்லா நாட்டிலும் ஒரே வேகத்தில்தான் நகரும்போல.

கியூபாவோ வேறு வழியில் போனது. 1998 புயல்களில் மத்திய அமெரிக்கா சின்னாபின்னமானதும், 1999-ல் ஹவானாவில் லத்தீன் அமெரிக்க மருத்துவக் கல்லூரியைத் திறந்தது. ஏழை நாட்டு, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு. படித்து முடித்துத் தன் மக்களிடம் திரும்பிப் போ என்பதுதான் எதிர்பார்ப்பு. அமெரிக்க ஏழைப் பிள்ளைகளும் அங்கே படித்திருக்கிறார்கள்.

✱

இந்திய வம்சாவளி மருத்துவர்கள் அமெரிக்காவில் சங்கம் வைத்தது 1982-ல். தமிழ் மருத்துவர்களுக்கென்று அமெரிக்கத் தமிழ் மருத்துவச் சங்கமும் இருக்கிறது.

✱

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் டாக்டர் மேற்படிப்புக்குப் போகத் தனி ஒதுக்கீடு உண்டா, இல்லையா? பல வருஷம் வழக்கு நடந்தது. நீதிமன்றப் படி ஏறியது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இந்த ஒதுக்கீட்டைத் தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. டாக்டர்களின் சொந்த விவகாரம்போலத் தெரியும். இந்த ஆசை காட்டாவிட்டால் கிராமத்து நாற்காலி காலியாகத்தான் கிடக்கும் என்பதால் இது நம் விவகாரமும்தான்.

✱

நீட் வந்தபிறகு அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2020-ல் தமிழக அரசு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் சேர்த்துச் சுமார் 400 அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

உங்கள் தெருவில் கந்தர்வக்கோட்டை அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: இந்த ஒதுக்கீட்டுக்கு 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பத்தாவது முடித்ததும் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும்.