வீட்டுக் கணிப்பொறிக்கு ஏற்ற காவலன் யார்?

வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தாலே பெருமை என்றிருந்த காலம் ஒன்று உண்டு என்று எங்கள் தாத்தா அடிக்கடி சொல்வார். இன்றோ நம் புதுவையில் கணிப்பொறி இல்லாத தெருவைக் காண்பது அரிது. பாடம் படிக்க, மின்கட்டணம் கட்ட, கடல் கடந்த உறவினருடன் முகம் பார்த்துப் பேச, எல்லாவற்றிற்கும் அதுவே துணை. ஆனால் சன்னலைத் திறந்து வைத்தால் கடற்காற்று மட்டுமா வரும்? கொசுவும் சேர்ந்தல்லவா வரும்! கணிப்பொறிக்குள் அவ்வாறு நுழையும் தீய நிரல்களையே ‘வைரஸ்’ என்கிறோம். அவற்றைத் தடுக்கும் மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை, நாங்கள் பட்ட பாட்டிலிருந்தே தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் தாத்தா பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ‘சொல்தா’. ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்னும் சான்றிதழை ஆண்டுதோறும் பிரான்சுக்கு அனுப்பினால்தான் அவருக்கு ஓய்வூதியம் வரும். அதற்கு வேண்டிய தாள்களும், குடும்பத்தின் எத்தா சிவில் பத்திரங்களின் நகல்களும் ஒரு பென் டிரைவில் இருந்தன. அதே பென் டிரைவில்தான் மறைந்த எங்கள் ஆயாவின் படங்களும் இருந்தன. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய ‘தானே’ புயலில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து ஆல்பம் முழுவதும் நனைந்துவிட்டது. தப்பிய படங்களை அம்மா ஒவ்வொன்றாகக் காயவைத்து ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். வில்லியனூர் மாதா திருவிழாவில் ஆயா கையில் மெழுகுவர்த்தியுடன் நிற்கும் படம் அவற்றுள் ஒன்று.

சென்ற ஆண்டு, சான்றிதழை அச்செடுக்க அந்தப் பென் டிரைவை ஒரு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு சென்றோம். வீட்டுக்கு வந்து கணிப்பொறியில் செருகிப் பார்த்தால் கோப்புறைகள் இருந்த இடத்தில் சிறு அம்புக்குறி போட்ட ‘ஷார்ட்கட்’டுகளே இருந்தன. அழுத்தினோம். படங்கள் திறந்தன. சரிதான் என்று இருந்துவிட்டோம். இரண்டு நாள் கழித்துக் கணிப்பொறி ஆமையாய் நகர்ந்தது. மூன்றாம் நாள் பென் டிரைவில் எதுவுமே திறக்கவில்லை.

பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டினோம். “எல்லாம் அழிந்துவிட்டது. ஃபார்மட் செய்து புதிதாகப் போட வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் ஆகும்” என்றார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் பள்ளியில் எங்கள் கணிப்பொறி ஆசிரியையிடம் சொன்னோம். மிஸ் பென் டிரைவை வாங்கி, முதலில் வைரஸ் தடுப்பான் கொண்டு அதைத் துப்புரவு செய்தார்கள். பிறகு கறுப்புத் திரையில் ‘அட்ரிப்’ என்று தொடங்கும் ஒரே ஒரு வரியைத் தட்டினார்கள். ஆயா திரும்பி வந்துவிட்டார்! மெழுகுவர்த்தி உட்பட எல்லாப் படங்களும் அப்படியே இருந்தன.

நடந்தது இதுதான். அந்த வைரஸ் கோப்புகளை அழிக்கவே இல்லை. அவற்றுக்கு ‘மறைக்கப்பட்டவை’ என்ற அடையாளத்தை இட்டுவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்டுகளை வைத்தது. அதை அழுத்தும்போது முதலில் வைரஸ் ஓடும், பிறகு உண்மைக் கோப்புறையும் திறக்கும். ஆகையால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. அந்த அடையாளத்தை நீக்குவதே ‘அட்ரிப்’ கட்டளையின் வேலை. ஃபார்மட் செய்திருந்தால்தான் படங்கள் போயிருக்கும்! எனவே, இப்படி நேர்ந்தால் ஃபார்மட் என்ற சொல்லுக்கு உடனே தலையாட்டாதீர்கள், தோழியரே.

“உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் தடுப்பான் இல்லையா?” என்று மிஸ் கேட்டார்கள். இருந்தது. கணிப்பொறி வாங்கியபோது ஓராண்டுச் சந்தாவுடன் கடைக்காரரே போட்டுக் கொடுத்தார். அது முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. திரையின் ஓரத்தில் நாள்தோறும் ஒரு சிவப்பு அறிவிப்பு எட்டிப் பார்க்கும். நாங்களும் நாள்தோறும் அதை மூடிக்கொண்டிருந்தோம்.

இனி, இந்தத் தடுப்பான்கள் எவ்வாறு வேலை செய்கின்றன என்று பார்ப்போம். 1986இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் இரு சகோதரர்கள் எழுதிய ‘பிரெயின்’ என்னும் நிரல், ஐ.பி.எம். கணிப்பொறிகளைத் தாக்கிய முதல் வைரஸ் எனப்படுகிறது. பிளாப்பி தட்டுகள் வழியே அது உலகம் சுற்றியது. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் அவர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தார்கள்! இன்றைய வைரஸ்காரர்களுக்கு அந்த நாணயம் இல்லை. தொடக்கத்தில் தடுப்பான்கள் போலீசார் வைத்திருக்கும் கைரேகைப் புத்தகத்தைப் போன்றவை. தெரிந்த வைரஸின் ரேகை ஒரு கோப்பில் இருந்தால் பிடிக்கும். இப்போது அத்துடன் நடத்தையையும் கவனிக்கின்றன. ஒரு நிரல் திடீரென்று நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றத் தொடங்கினால் ‘யார் நீ?’ என்று தடுத்து நிறுத்துகின்றன. கைரேகைப் புத்தகம் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். சந்தா முடிந்த தடுப்பானால் பயனில்லாமற் போவது இதனால்தான்.

எல்லா வைரஸ்களையும் தவறாமல் பிடிக்கும் மென்பொருள் ஒன்றை எழுத முடியுமா? முடியாது! இதை அமெரிக்காவின் பிரெட் கோஹன் என்பவர் 1980களிலேயே கணித முறைப்படி நிறுவிவிட்டார். ஆகவே ‘நூற்றுக்கு நூறு பாதுகாப்பு’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தால் அது விளம்பரம் என்று மட்டும் கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பெரிய மாநாடே நடந்தது. விலை கூடியதை வாங்கினால் கவலை இல்லை என்றார் மாமா. பணம் எதற்கு, சாவி உடைத்த திருட்டுப் பதிப்பு நண்பனிடம் இருக்கிறது என்றான் அண்ணன். திருடனிடமிருந்து பூட்டு வாங்குவது போன்றது அது! உடைக்கப்பட்ட அந்தப் பதிப்புகளுக்குள்ளேயே வைரஸை வைத்து அனுப்புவது அவர்களின் பழைய தந்திரம். அம்மா ஒரே சொல்லில் அதை மறுத்துவிட்டார்கள்.

மிஸ் சொன்னபடி, கணிப்பொறியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்த்தோம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, விண்டோஸுடன் டிஃபெண்டர் என்னும் தடுப்பான் கட்டணமின்றிச் சேர்ந்தே வருகிறது. வேறொரு தடுப்பானை நிறுவினால் இது தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் காலாவதியான தடுப்பான் நாற்காலியில் அமர்ந்து உறங்க, வேலை செய்யக்கூடியவர் வெளியே நின்றிருக்கிறார்! இரண்டையும் ஒருங்கே விழிக்க வைக்கலாமே என்று நினைக்காதீர்கள். இரண்டு தடுப்பான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஐயங்கொண்டு சண்டையிடும், கணிப்பொறியும் தள்ளாடும்.

எது சிறந்தது என்பதை அறிய நம் பொதுத்தேர்வைப் போலவே தேர்வுகள் உண்டு. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் உள்ள ஏ.வி.-டெஸ்ட் நிறுவனம் மூன்று பாடங்களில் தேர்வு வைக்கிறது. வைரஸைப் பிடிக்கிறதா, கணிப்பொறியின் வேகத்தைக் குறைக்கிறதா, நல்ல கோப்பைக் கெட்டது என்று பொய்யாகக் கூவுகிறதா என்பவையே அவை. ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண், ஆக மொத்தம் 18. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ஏ.வி.-கம்பாரடிவ்ஸ் என்னும் நிறுவனமும் இத்தகைய சோதனைகளை நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் டிஃபெண்டரும் ஏ.வி.-டெஸ்ட் தேர்வுகளில் பலமுறை 18 பெற்றிருக்கிறது. ஒரே ஒரு தேர்வின் முடிவைப் பார்த்து மயங்காமல் இரண்டு மூன்று ஆண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நினைவகம் குறைந்த பழைய கணிப்பொறிக்கு இரண்டாம் பாடத்தின் மதிப்பெண்ணே முக்கியம்.

பணம் கொடுத்து வாங்க விரும்புவோருக்கு நம் நாட்டிலேயே உருவானவை உண்டு. 1991இல் கேசவர்த்தனன் என்பவர் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் சென்னையைச் சேர்ந்தது. ஜப்பான்காரர்களும் அதை வாங்குகிறார்கள் என்றறிந்து பெருமைப்பட்டோம். புனேயின் குவிக் ஹீல் நிறுவனத்தைத் தொடங்கிய கைலாஷ் கட்கர், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கால்குலேட்டர் பழுது பார்த்தவர். இதைக் கேட்டு எங்கள் வகுப்பில் சிலர் மிகவும் மகிழ்ந்தனர். அதன் மென்பொருளை உருவாக்கிய தம்பி சஞ்சய், கணிப்பொறி அறிவியலைப் பட்டம் வரை படித்தவர் என்று சிஸ்டர் உடனே நினைவூட்டினார்கள்!

எங்கள் பக்கத்து வீட்டு அத்தை தையற்கடைக் கணக்கு முழுவதையும் கணிப்பொறியில் வைத்திருக்கிறார்கள். சிறு பிள்ளைகளும் அதே கணிப்பொறியைத் தொடுகிறார்கள். தொலைபேசியில் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும், பிள்ளைகள் செல்லும் தளங்களுக்குக் கட்டுப்பாடும் வேண்டும் என்பதால் அவர்கள் கட்டணத் தடுப்பானை வாங்கினார்கள். அவர்களுக்கு அதுவே சரி. வாங்குவோர் முதலாண்டு விலையை மட்டும் பார்க்காமல் இரண்டாம் ஆண்டு எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்குங்கள். முதலாண்டுத் தள்ளுபடியில் மயங்கியவர் பலர்.

இலவசம் என்றால் எல்லாம் இலவசமும் அன்று. அவாஸ்ட் என்னும் புகழ்பெற்ற தடுப்பானின் நிறுவனம், பயன்படுத்துவோர் எந்தெந்தத் தளங்களைப் பார்க்கிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டி விற்றது. அதற்காக 2024இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 165 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. வீட்டுக்குக் காவல் இருந்தவரே வீட்டுக் கதையை வெளியே சொன்னது போலாயிற்று. அதே 2024இல், ஜூலை 19 அன்று, பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம்.

தடுப்பானைப் போலவே நடிக்கும் வைரஸும் உண்டு! ‘உங்கள் கணிப்பொறியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரை அலறும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது. அந்த ஒன்றை வைத்தே பொய்யைக் கண்டுகொள்ளலாம். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

நம் ஊரில் 1975 முதல் இயங்கும் கொசு ஆராய்ச்சி மையத்தை எல்லோரும் அறிவோம். யானைக்கால் நோயைக் குறைக்க 1981 முதல் ஐந்தாண்டுகள் புதுவையில் அவர்கள் செய்த பணியில், மருந்தடிப்பதைவிடக் கொசு பிறக்கும் தேங்கிய நீரை ஒழிப்பதற்கே முதலிடம் தந்தார்கள். கணிப்பொறியிலும் அப்படித்தான். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் வைரஸ் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டவர் தப்பினர், ‘பிறகு பார்ப்போம்’ என்றவர் சிக்கினர். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. எங்கள் கணிப்பொறி விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி உடையதாக இருந்ததால் முதல் வேலையாக அதற்கு மாறினோம்.

பிறகு காலாவதியான தடுப்பானை நீக்கினோம். டிஃபெண்டர் தானே எழுந்து பொறுப்பேற்றது. எங்கள் வீட்டுக்கு அது போதும் என்று முடிவு செய்தோம். மிச்சமான பணத்துடன் இன்னும் கொஞ்சம் சேர்த்து வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினோம். ஆயாவின் படங்களும் தாத்தாவின் பத்திரங்களும் இப்போது அதில் ஒரு நகல், முத்தியால்பேட்டை அத்தை வீட்டில் ஒரு நகல் என்று இருக்கின்றன. நகலெடுத்த பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறோம். செருகியே வைத்திருந்தால் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும் அல்லவா? அச்செடுக்கும் கடைக்கு வெறும் பென் டிரைவில் வேண்டிய ஒரு தாள் மட்டும் போகிறது.

தாத்தாவுக்கு மட்டும் மனம் அடங்கவில்லை. “காவல்காரன் விழித்திருக்கிறானா, தூங்குகிறானா என்று எப்படித் தெரியும்?” என்றார். படையில் இருந்தவர் அல்லவா! அதற்கும் வழி இருந்தது. ஈ.ஐ.சி.ஏ.ஆர். சோதனைக் கோப்பு என்று ஒன்று உண்டு. வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் தடுப்பான்கள் அதை வைரஸாகக் கருதிப் பிடிக்க வேண்டும் என்பது உலக ஏற்பாடு. தாத்தாவை நாற்காலியில் அமர வைத்து அந்தக் கோப்பை இறக்கினோம். கண் மூடித் திறப்பதற்குள் டிஃபெண்டர் அதைப் பிடித்து அப்புறப்படுத்திவிட்டு அறிவிப்பும் காட்டியது.

“த்ரே பியேன்!” என்றார் தாத்தா. பிறகு எழுந்து போய், அடுத்த சோதனைக்கான நாளைச் சமையலறைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் குறித்து வைத்தார்.