பூனையைப் பூட்டிட்டு டூர் போறீங்களா? இதைப் படிச்சிட்டுக் கிளம்புங்க!

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை மாட்டிவிட்டுப் போனால் வீடு பத்திரம். உள்ளே இருக்கும் பூனை?

"தட்டு நிறைய வெச்சாச்சு, நாலு நாள் தாங்கும்" என்பதுதான் பலரின் கணக்கு. ஆனால், நம்ம ஊர் வெயிலில் மீனும் பால்சோறும் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். தொடர்ந்து 2, 3 நாள் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

என்ன செய்யலாம்?

பழகிய இடம் மாறினால் பூனை மிரளும். அதனால் முடிந்தவரை வீட்டிலேயே இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுங்க. தினமும் 2 முறை சாப்பாடு, தண்ணீர் வைத்து, மணல் தட்டைச் சுத்தம் செய்யணும். ஒரு வாரம் முன்பே பூனையை அவரிடம் பழக்கிடுங்க.

எப்போது டாக்டர்?

24 மணி நேரம் சாப்பிடாவிட்டால் காட்டணும். கடுவன் பூனை முக்கியும் சிறுநீர் வரலைன்னா, உடனே தூக்கிட்டு ஓடணும். கால்நடை மருத்துவர் எண், தடுப்பூசி அட்டை, கொஞ்சம் பணம் மூன்றையும் அக்காவிடம் கொடுத்துடுங்க.

ஆள் கிடைக்கலையா?

காப்பகத்தை முதலில் நேரில் பாருங்க. தடுப்பூசி கேட்கிறார்களா, நாய்களிடமிருந்து தள்ளித் தனி அறை இருக்கிறதா என்று கவனிங்க.

"தெருவில் விட்டா பொழச்சுக்கும்" என்று மட்டும் நினைக்காதீங்க. பட்டினி கிடக்கும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.