கோலம் போடும் கைக்குக் கணக்கு வராதா?

"பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு? சுலபமா வேற குரூப் எடுத்துக்கட்டும்." எங்கள் சங்கரன்கோவில் பக்கம் இப்படிச் சொல்வது சகஜம். எட்டாம் வகுப்பில் ஆசையாய்க் கணக்குப் போட்ட பெண், ப்ளஸ் ஒன் வரும்போது தானே ஒதுங்கிவிடுகிறாள்.

இந்தப் பேச்சு நம் ஊரில் மட்டும்தானா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1890-ல் பிலிப்பா ஃபாசெட் என்ற பெண், கணிதத் தேர்வில் ஆண்கள் அத்தனை பேரையும் மிஞ்சினார். ஆனால் பட்டம் தரவில்லை. பெண்களுக்கு அங்கே பட்டம் கிடைத்தது 1948-ல்தான்!

அதே கேம்பிரிட்ஜில், மர்ரே எட்வர்ட்ஸ் மகளிர் கல்லூரியில், 2012-ல் பள்ளி மாணவிகளுக்கென்றே ஒரு கணிதப் போட்டி தொடங்கியது. ஐரோப்பியப் பெண்கள் கணித ஒலிம்பியாட் என்று பெயர். வருஷத்துக்கு ஒரு நாட்டில் நடக்கிறது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் 4 பெண்கள். இந்தியாவும் விருந்தாளியாகத் தன் பெண்களை அனுப்புகிறது.

2 நாள் பரீட்சை. நாளொன்றுக்கு 3 கணக்குகள்தான். அதற்கு நாலரை மணி நேரம்! மனப்பாடத்துக்கு இங்கே வேலையில்லை. பொறுமையாக யோசிக்க வேண்டும்.

அது எப்படிப்பட்ட யோசனை? மார்கழிக் கோலத்தையே பாருங்களேன். நடுவரிசையில் 7 புள்ளி. மேலும் கீழும் 5, 3, 1. மொத்தம் 25. நடுவில் 99 புள்ளி வைத்தால்? எண்ணினால் விடிந்துவிடும்! 1, 3, 5, 7 கூட்டினால் 16; அதாவது 4 வரிசைக்கு 4 தரம் 4. மீதி 3 வரிசைக்கு 3 தரம் 3, 9. அதே வழியில் 50 தரம் 50, 2500; 49 தரம் 49, 2401. ஆக 4901. எண்ணாமல் வழி கண்டுபிடிப்பதுதான் இந்தப் போட்டிகளின் ருசி.

நம் பிள்ளைகளுக்கு முதல் படி, கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் 'ஐ.ஓ.க்யூ.எம்.' தேர்வு. 8 முதல் 12-ம் வகுப்பு வரை எழுதலாம். 3 மணி நேரம், 30 கேள்விகள். வழக்கமாகச் செப்டம்பரில் வரும். ஆகவே பள்ளி திறந்ததுமே கணக்கு டீச்சரிடம் விசாரித்து வையுங்கள். அடுத்தடுத்த கட்டங்களை மும்பை ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம் கவனிக்கிறது.

ஈரான் நாட்டு மரியம் மிர்சாகானி, பள்ளி நாளில் 1994, 1995 இரு வருஷமும் சர்வதேச ஒலிம்பியாடில் தங்கம் வாங்கியவர். 2014-ல் கணிதத்தின் பெரும் பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. தரையில் பெரிய தாளை விரித்து வரைந்து வரைந்து யோசிப்பாராம். அம்மா படம் வரைகிறாள் என்றே நினைத்ததாம் அவர் குழந்தை!

போட்டியில் ஜெயிப்பது அப்புறம். உங்கள் பெண் ஒரு கணக்கோடு அரைமணி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், "போதும், எழுந்து வா, பாத்திரம் கிடக்குது" என்று கூப்பிடாதீர்கள். அந்த அரைமணியை அவளுக்கு விட்டுக்கொடுங்கள்.